கஞ்சியும் காணியும்

நுழையும்முன்

பசித்தவருக்கு உணவளிப்பது தமிழர் போற்றிய அறங்களுள் தலையாயது. ஒருவேளைப் பசி தீர்ந்தபின், அடுத்த வேளைக்கு அவர் என்ன செய்வார் என்னும் வினா எழும்போது அறம் அடுத்த படியில் ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர்களில் பணியாற்றிய கிறித்தவத் தொண்டர்கள் சிலர் அவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்களது தேடலையும், அதனோடு பிணைந்த பஞ்சமி நிலத்தின் வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்வெட்டு கூறும் தகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த பழம்பதி. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன.

வாரிய உறுப்பினராக எவர் வரலாம் என்பதையும் அக்கல்வெட்டுகள் வரையறுக்கின்றன. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். தமக்கு உரிய மனையில் வீடு கட்டி வாழ வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். மறைநூற் பயிற்சி இருக்க வேண்டும். உத்திரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊராதலின், இந்தச் சபையும் அவர்களுக்கே உரியதாய் இருந்தது. எனினும் இந்தத் தகுதிகளுள் முதல் இரண்டும் ஊன்றி நோக்கத்தக்கவை. நிலமும் மனையும் உடையவரே ஊர்க் காரியங்களில் பேசத் தகுந்தவர் என்பது அன்றைய நியதி. வயலில் உழைத்தவருக்கு அந்த இரண்டும் இருந்தனவா என்பதைக் கல்வெட்டு ஆராயவில்லை.

ஏறத்தாழ 970 ஆண்டுகள் கழித்து இதே வட்டாரத்தில் அவ்வினா எழுப்பப்பட்டது. எழுதப்பட்ட விடை துயரமானது.

காணியாட்சியும் படியாளும்

தொண்டைமண்டலத்து ஊர்களில் நிலவுரிமை காணியாட்சி என வழங்கியது. பின்னாளில் அதனையே மிராசு என்றனர். ஊரின் நன்செய், புன்செய் ஆகியவற்றோடு தரிசு, ஏரிமீன், நத்தம் முதலியவற்றிலும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். உழவுத் தொழிலாளர் குடியிருந்த சேரியின் மனைநிலமும் பல ஊர்களில் அவர்களுடையதாகவே கருதப்பட்டது.

தொழிலாளர் பலர் படியாட்களாக வாழ்ந்தனர். திருமணம், நோய், இறப்பு போன்ற தேவைகளுக்குச் சிறுதொகை கடனாகப் பெறுவர். அக்கடன் தீரும்வரை கொடுத்தவரின் நிலத்திலேயே உழைக்க வேண்டும். கூலி தானியமாக அளக்கப்பட்டது. அதில் மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது அரிது. தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் ஏறும். வேறு ஊருக்குச் செல்ல நினைத்தால் குடிசை பறிபோகும். இங்ஙனம் கடனும் மனையும் இரு கயிறுகளாகி உழைப்பவரை ஊரோடு பிணைத்தன. சாதியின் பெயரால் விளைந்த தீண்டாமை அக்கயிறுகளை மேலும் இறுக்கியது.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. அப்போது தொடங்கி 1878 வரை நீடித்த கொடும்பஞ்சத்தைத் தமிழக மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்துள்ளனர். இந்தியாவில் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. சென்னை மாகாணம் பேரிழப்புக்கு உள்ளானது.

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஏரி வற்றினால் நடவு இல்லை. நடவு இல்லையேல் கூலி இல்லை. நிலமுடையவர் சேர்த்துவைத்த தானியத்தையோ, நகையையோ, நிலத்தையே ஈடாக வைத்துப் பெற்ற கடனையோ கொண்டு சில மாதங்களைக் கடக்க முடிந்தது. கூலியை மட்டும் நம்பியிருந்தோரிடம் விற்கவும் அடகு வைக்கவும் ஒன்றும் இல்லை. சந்தையில் தானியம் இருந்தபோதும் அதை வாங்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. பஞ்சச் சாவுக்கு உணவின்மையைவிட, உணவைப் பெறும் உரிமையும் ஆற்றலும் இல்லாமையே பெருங்காரணமாகலாம் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் நிறுவிய கருத்து இவ்விடத்தில் நினையத்தக்கது.

அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அவ்வாறு 1877-78இல் வெட்டப்பட்டது. வேலை செய்தோருக்கு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான அளவும், சிறு காசும் மட்டுமே கூலியாக வரையறுக்கப்பட்டன. உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பின்னர் அவ்வளவு உயர்த்தப்பட்டது. பிரித்தானியாவில் பொதுமக்களிடமிருந்து நிதி திரட்டப்பட்டது. கிறித்தவச் சபைகள் கஞ்சி வார்த்தன. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் புகலிடம் அமைத்தன.

பசிப்பிணி தீர்க்கும் அறம் இம்மண்ணுக்குப் புதியதன்று. மழை பொய்த்து வாடிய காஞ்சி மாநகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்ததைச் சீத்தலைச் சாத்தனார் பாடியுள்ளார். வள்ளலார் வடலூரில் 1867இல் தருமச்சாலை நிறுவினார். கஞ்சித்தொட்டி பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மழை பெய்தபின் அதே தொழிலாளி அதே கடனுக்கு, அதே குடிசைக்குத் திரும்ப நேர்ந்தது. அடுத்த பஞ்சத்திலும் முதலில் வீழ்வது அவர்தாம் என்பது தெளிவாயிற்று.

பள்ளிக்கு ஒரு மனை

ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அச்சபை பள்ளிகளை நிறுவியது. தொடக்கத்தில் அதன் நோக்கு நகரங்களையும் உயர்கல்வியையும் சார்ந்திருந்தது. பஞ்சத்திற்குப் பிந்தைய ஆண்டுகளில் தொண்டர்கள் சேரிகளை நாடிச் சென்றனர். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

சேரியில் ஒரு தொடக்கப்பள்ளி கட்ட முனைந்தபோது அவர்கள் எதிர்பாராத தடையைச் சந்தித்தனர். பிள்ளைகள் இருந்தனர், ஆசிரியரும் கிடைத்தார், பள்ளிக்கு மனை கிடைக்கவில்லை. சேரியின் நிலம் அங்கு வாழ்வோருக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர் தர மறுத்தார். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் குடிசையைக் காலி செய்யும்படி மிரட்டப்படுவதும் உண்டு. எழுத்தறிவித்தல் என்னும் எளிய பணிகூட நிலவுரிமை என்னும் பாறையில் மோதி நின்றது. சேரி மக்களின் வறுமைக்கு வேர் எங்கே உள்ளது என்பதை அவர்கள் இவ்வாறு கண்டனர்.

தரிசு நிலத்தை அரசிடமிருந்து பெற ஒரு வழி இருந்தது. ‘தர்க்காஸ்து’ எனப்பட்ட விண்ணப்பத்தின் மூலம் பயிரிடப்படாத நிலத்தைக் கோரலாம். ஆனால் ஊரின் மிராசுதாரருக்கே அதில் முன்னுரிமை இருந்தது. தொழிலாளி விண்ணப்பித்ததும் மிராசுதாரர் மறுப்புத் தெரிவித்துத் தாமே அந்நிலத்தைக் கோரலாம். துணிந்து விண்ணப்பித்தவர் நிலம் கிடைக்காததோடு, இருந்த வேலையையும் குடியிருப்பையும் இழக்க நேரிடும். சட்டத்தில் கதவு இருந்தது. அதன் திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

தெரிந்து தெளிவோம்

காணியாட்சி – வழிவழியாக வரும் நிலவுரிமை, மிராசு.
நத்தம் – ஊரில் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம்.
படியாள் – கடனுக்காகவோ தானியக் கூலிக்காகவோ ஒருவரிடம் பிணைக்கப்பட்ட உழவுத் தொழிலாளி.
தர்க்காஸ்து – அரசுத் தரிசு நிலத்தைப் பயிரிடக் கோரும் விண்ணப்பம்.
பட்டா – நிலவுரிமையைக் குறிக்கும் அரசு ஆவணம்.

குடியிருப்பும் கோரிக்கையும்

ஆடம் ஆண்ட்ரூ இருவழிகளில் செயற்பட்டார். ஒன்று, வேளாண் குடியிருப்புகளை அமைத்தல். மெல்ரோசாபுரம், அந்திரேயபுரம் ஆகியன அவர் முயற்சியால் உருவானவை. இவற்றுள் மெல்ரோசாபுரம் இன்றைய மறைமலைநகரை ஒட்டியுள்ளது. சபையின் பெயரில் தரிசு நிலம் பெறப்பட்டது. காட்டுநிலத்தைத் திருத்திப் பயிரிடும் பொறுப்பு, அதுவரை பிறர் நிலத்தில் உழைத்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

மற்றொன்று, அரசின் கவனத்தை ஈர்த்தல். சபையால் குடியமர்த்தக் கூடியவர் சிலர். நிலமற்றோர் பல இலட்சம். எனவே ஆண்ட்ரூ, கௌடி முதலியோர் சேரி மக்களின் நிலையைக் கட்டுரைகளாலும் விண்ணப்பங்களாலும் அரசுக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தனர். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மனை எவருடையது, விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது என அவர்கள் விவரங்களைத் திரட்டினர். இரக்கத்தைத் தூண்டும் சொற்களைவிட இத்தகைய விவரங்கள் அரசு அலுவலகங்களில் வலிமை பெற்றன.

இப்பணியின் மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். மதம் பரப்புதல் இச்சபைகளின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று. உதவியும் மதமாற்றமும் ஒன்றோடொன்று கலந்தபோது அது ஐயங்களையும் எதிர்ப்பையும் எழுப்பியது. சபை நிலத்தில் வாழ்வோர் சபையின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. நில உரிமையாளரின் இடத்தில் சபை வந்து அமர்ந்தால் உழைப்பவரின் விடுதலை முழுமை பெறுமா என்னும் வினாவும் எழத்தக்கதே. நிலம் உழைப்பவரின் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பதே அதற்குரிய விடை.

1892ஆம் ஆண்டின் அரசாணை

அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்தவர் ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர். அவர் 1891இல் சேரி மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கையொன்றை அரசுக்கு அளித்தார். மனையுரிமை இன்மை, கடனடிமை, தர்க்காஸ்து விதிகளின் சார்பு, கல்வியின்மை ஆகியவற்றை அவ்வறிக்கை ஆராய்ந்தது. அவர்களுக்குத் தரிசு நிலம் வழங்கவும், குடியிருப்பு மனைகளைப் பாதுகாக்கவும், பள்ளிகள் அமைக்கவும் பரிந்துரைத்தது.

இதன் தொடர்ச்சியாக 30.09.1892 அன்று சென்னை மாகாண அரசு 1010, 1010-அ எண்ணிட்ட ஆணையைப் பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் வழி அதனால் திறந்தது. அன்று ‘பஞ்சமர்’ என அழைக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதால் அது பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. நிலம் மீண்டும் பிறர் கைக்குச் சென்றுவிடாதிருக்கப் பின்னர் நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகளுக்கு அதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன்பின் கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே அளிக்க வேண்டும். 1920ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்தப்பட்ட தொழிலாளர் நலத்துறை, மனையிடம் பெற்றுத் தருவதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

உரிமைக்குரல்

இவ்வரலாற்றைக் கொடுத்தவர்களின் வரலாறாக மட்டும் படிப்பது பிழை. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் குரலைத் தாங்களே எழுப்பினர். அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி உரிமைக் கோரிக்கைகளை முன்வைத்தார். உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த அன்றைய மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே தலைப்பாக்கித் தலைநிமிர்ந்து பேசிய இதழ் அது. பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அவர் பங்கேற்றார். தங்கள் பெயரில் நிலம் வேண்டி விண்ணப்பித்து, அதனால் வந்த இன்னல்களைத் தாங்கிய எளிய குடும்பங்களின் துணிவும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

கைநழுவிய நிலம்

நிலம் கிடைத்ததும் துயரம் தீர்ந்துவிடவில்லை. தரிசு நிலத்தைத் திருத்த மாடு வேண்டும், கலப்பை வேண்டும், விதை வேண்டும், நீர் வேண்டும். ஏரிப் பாசனத்தின் கடைமடையிலோ மேட்டுப்பாங்கிலோ அமைந்த நிலத்தில் ஒரு பருவம் பொய்த்தால் கடன் சூழும். ஆவணம் படிக்கத் தெரியாமை, மிரட்டல், பொய்ப் பத்திரம் எனப் பல வழிகளில் பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறியது. நிபந்தனை ஏட்டில் இருந்தது. அதைக் காக்கும் வலிமை உரியவரிடம் இல்லை.

நிலத்தை மீட்க வேண்டும் என்னும் கோரிக்கை 1990களில் வலுப்பெற்றது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்திற்காக 1994இல் எழுந்த போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய வினா இன்னும் முழு விடை பெறவில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. நிலத்தோடு கல்வியும், கடனுதவியும், சட்டத்தின் துணையும் சேர்ந்தாலன்றி உரிமை நிலைபெறாது என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

உலகம் கற்ற பாடம்

செங்கல்பட்டில் கண்ட உண்மையை உலகெங்கும் தொண்டாற்றிய அமைப்புகளும் தத்தம் வழியில் கண்டறிந்தன. மென்னனைட் என்னும் கிறித்தவப் பிரிவினர் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்னும் கொள்கையுடையவர்கள். அவர்கள் 1920இல் மென்னனைட் மத்தியக் குழுவை நிறுவினர். உக்ரைன் பகுதியில் பஞ்சத்தால் வாடியோருக்கு உணவுக்கூடங்கள் அமைத்தது அதன் முதற்பணி. 1922இல் அங்கு டிராக்டர்களும் கலப்பைகளும் அனுப்பப்பட்டன. உண்டவர் மீண்டும் உழுதாலன்றிப் பஞ்சம் நீங்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். துயர்துடைப்பு, மேம்பாடு, அமைதி என்னும் மூன்றையும் ஒருசேரப் பற்றியது அவ்வமைப்பு.

போர்க்காலத் துயர்துடைப்பில் தொண்டாற்றிய குவேக்கர் அமைப்புகளுக்கு 1947இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கு உதவ இந்தியத் திருச்சபைகள் ‘காசா’ என்னும் பொது அமைப்பை ஏற்படுத்தின. தொடக்கத்தில் ஏதிலியர் நலனுக்கெனப் பிறந்த அது, பின்னர் ஊரக மேம்பாட்டிலும் ஈடுபட்டது.

ஆடம் ஆண்ட்ரூவின் காலத்தில் எழுந்த மற்றொரு வினாவிற்கும் உலகம் பின்னர் விடை கண்டது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 1994இல் நடத்தை நெறிமுறையொன்றை வகுத்தன. இனம், மதம், நாடு என்னும் வேறுபாடு பாராது, தேவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு உதவ வேண்டும். ஓர் அரசியல் அல்லது சமயக் கருத்தைப் பரப்பும் கருவியாக உதவியைப் பயன்படுத்தலாகாது என அது கூறுகிறது. கத்தோலிக்கரின் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியனவும் அந்நெறிமுறையை முன்வைத்தவற்றுள் அடங்கும்.

அறத்தின் மூன்று படிகள்

உயிர் போகும் தறுவாயில் இருப்பவருக்குக் கஞ்சியே முதல் அறம். உயிர் பிழைத்தவர் தம் காலில் நிற்கக் காணி வேண்டும், கல்வி வேண்டும், கடனற்ற உழைப்பு வேண்டும். பெற்றதை அச்சமின்றி வைத்துக்கொள்ள நீதி வேண்டும். நீதி இல்லாத ஊரில் நிலவும் அமைதி, வாய்திறக்க அஞ்சுவோரின் மௌனமே ஆகும். அஞ்சாது பேசக்கூடிய ஊரில்தான் மெய்யான அமைதி தழைக்கும்.

குடவோலை காலத்தில் நிலமும் மனையும் உடையவரே சபையில் அமர்ந்தனர். இன்று 18 வயது நிறைந்த எவரும் வாக்களிக்கலாம். 21 வயது நிறைந்த எவரும் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம். நிலம் இன்மையோ, பிறந்த குலமோ, ஆணா பெண்ணா என்பதோ அதற்குத் தடையில்லை. வாக்குரிமை நிலத்திலிருந்து விடுதலை பெற்றுவிட்டது. உழைப்பவரின் வாழ்வும் அவ்வாறே கடனிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுதலை பெறுவதற்குத் துணைநிற்பதே தொண்டின் நிறைவாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள நத்தம், மேய்க்கால், ஏரிப் புறம்போக்கு ஆகியவற்றின் இன்றைய நிலையை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு அறிந்து கட்டுரை எழுதுக.
2. நிலவுரிமை தொடர்பாக உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களைத் திரட்டி, பொருளுடன் பட்டியலிடுக.
3. ‘உதவி பெறுபவரின் தன்மதிப்பைக் காப்பதே சிறந்த உதவி’ – இக்கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் நிலம், மனை பற்றிய தகுதிகள் யாவை?
2. தர்க்காஸ்து முறை நிலமற்றோருக்குப் பயன்படாமற் போனது ஏன்?

சிறுவினா
1. தாது வருடப் பஞ்சம் கூலித் தொழிலாளரை முதலில் தாக்கியதற்கான காரணங்களை விளக்குக.
2. பஞ்சமி நிலத்திற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும் அவற்றின் நோக்கத்தையும் எழுதுக.

நெடுவினா
1. கஞ்சி, காணி, நீதி ஆகிய மூன்றும் அறத்தின் படிகளாக அமைவதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.